இரவல் துவக்கு

பென்சன் எடுத்த பிறகு எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள் ஒரு துப்பாக்கி. இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கதையை வீட்டுவரிக்கு மாற்றிவிடுவார்கள். ரொறொன்ரோவில் வயது போன மனிதர் செய்யக்கூடிய விசர் வேலைகள் எவையெவை என்று எங்கள் சமூகம் ஏற்கனவே முடிவு செய்து வைத்திருக்கிறது. கோயில் கமிட்டியில் சேரலாம், காணி வாங்கி விற்கப்போய் நட்டப்படலாம், கவிதைகூட எழுதலாம். துவக்கு அதில் சேராது.

உண்மையில் துப்பாக்கி என்பது இந்தப் பொருளுக்குக் கொஞ்சம் பெரிய சொல். பொயின்ற் ரூ-ரூ என்று சொல்லப்படும் மெல்லிய றைபிள் அது. அதன் ரவை, அதாவது தோட்டா, என் சுண்டுவிரலில் பாதி நீளம். பெரிய ரவைகளுக்குத் தீப்பற்ற வைக்கும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் தனியாக இருக்கும். இதற்கு அந்த மருந்தை விளிம்புக்குள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். அதனால் செய்வது சுலபம், வாங்குவது மலிவு. தோளில் உதைக்காது. வெடிச் சத்தமும் பக்கத்தில் ஒருவர் காய்ந்த பலகையை முறித்தது போலத்தான் இருக்கும். பெரிய றைபிள் வைத்திருப்பவர்கள் ஒரு பெட்டி ரவையைச் சுட்டுவிட்டு, செலவை நினைத்து முகம் கறுத்து வீட்டுக்குப் போகும்போது, நாங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு பெட்டி உடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். பென்சன்காரருக்கென்றே யாரோ கண்டுபிடித்த ஆயுதம்.

நாங்கள் என்றால் நானும் என் நண்பரும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அப்பாட்மென்றில், ஒரே அறையில், நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்தவர்கள். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். பிறம்ரன் களஞ்சியங்களிலிருந்து பாரவூர்தி ஓட்டி, முதுகு தேய்ந்து ஓய்வு பெற்றவர். நான் அரச கந்தோர் ஒன்றின் அனுமதிப்பத்திரப் பிரிவில், கவுண்டருக்குப் பின்னால் இருந்து, மற்றவர்களின் விண்ணப்பங்களில் விடுபட்ட கையெழுத்துகளைக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவன். நான் வீட்டுக்கு அனுப்பிய மனிதர்களின் சாபம் சும்மா விடாது என்று அவர் அடிக்கடி சொல்வார்.

துவக்கு யோசனை அவருடையது. பாரவூர்தி ஓட்டிய காலத்தில் உடன் வேலை செய்தவர்கள் யாரோ அவரை ஒருமுறை சுடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது மனதில் கிடந்திருக்கிறது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்துகொண்டு அவர் அந்தக் கதையை எடுத்துவிட்டபோது, என் மனைவி தேநீர்த் தட்டைப் பாதியில் பிடித்தபடி நின்றார்.

“துவக்குக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள். இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கப் போறியளோ?”

நியாயமான கேள்வி. நண்பர்தான் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“அங்கை துவக்குக்கு முன்னாலைதானே நிண்டனாங்கள், தங்கச்சி. ஒருக்காப் பின்னாலையும் நிண்டு பாப்பமெண்டுதான்.”

இந்த நாட்டில் துவக்குக்குப் பின்னால் நிற்பதற்கு முன் ஒரு மனிதன் நிறையத் தாள்களுக்குப் பின்னால் நிற்கவேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு மண்டபத்தில் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஒரு வார இறுதி முழுவதும் நெகிழி நாற்காலியில் இருந்து, துப்பாக்கியின் வாயை எந்தப் பக்கம் பிடிப்பது, வேலி கடக்கும்போது என்ன செய்வது என்று படித்தோம். நான் வாழ்க்கையில் கடக்கப்போகிற வேலி என் கொல்லைப்புறத்து வேலி ஒன்றுதான். அது எங்கள் தலைக்கு மேல் உயரம். ஆனாலும் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தேன். நண்பர் எழுத்துச் சோதனையில் மட்டுமட்டாகத் தப்பினார். கைச் சோதனையில் அவரைப் பார்த்துவிட்டு, பாடம் எடுத்தவர் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு விண்ணப்பம். மணமுறிவு உண்டா, வேலை போனதா, கடனில் முறிந்து வங்குரோத்தா, மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தீர்களா, உயிரை விடும் எண்ணம் வந்ததா என்று அது கேட்டுக்கொண்டே போகும்.

“கலியாணம் பேச வந்தவங்கள்கூட என்னட்டை உவ்வளவு கேக்கேல்லை, ஐசே,” என்றார் நண்பர், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று அடையாளமிட்டபடி.

என்னை மூன்று வருடத்துக்கு மேல் தெரிந்தவர்கள் இருவர் எனக்காகக் கையெழுத்திடவேண்டும். அதில் ஒன்று அவர். அவருக்கு ஒன்று நான். மனைவியும் கையெழுத்திடவேண்டும்.

“நான் சைன் வைக்காட்டில்?” என்று என் மனைவி கேட்டார்.

“வைக்காட்டிலும் லைசென்ஸ் வரலாம். அவங்கள் உமக்கு அறிவிப்பாங்கள். போன் எடுத்துக் கேட்டாலும் கேப்பாங்கள்.”

“எடுக்கட்டும். எனக்கு இங்கிலிஸ் தெரியாதெண்டு சொல்லுறன்.”

அவர் ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். ஒரு கிழமை என்னைக் காயவிட்டு, பிறகு நான் எழுதியிருந்த ஆங்கிலத்தில் இரண்டு திருத்தங்கள் செய்துவிட்டுக் கையெழுத்திட்டார். நண்பரின் மனைவி கேள்வியே கேட்கவில்லையாம். “வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டுறதெண்டால் சரி. சப்பாத்தோடை குசினிக்கை கொண்டு வரக்கூடாது,” என்று மட்டும் சொன்னாராம்.

சுடும் இடம் நகரத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலையை விட்டு இறங்கிச் சரளைக்கல் வீதியில் போகவேண்டும். புதன்கிழமைக் காலைகளில் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் எங்களைப்போல முழங்கால் பழுதான மனிதர்கள். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, வரிசையாக மேசைகளுக்கு முன்னால் இருப்போம். மேற்பார்வையாளர் குரல் கொடுத்தால் சுடலாம். குரல் கொடுத்தால் நிறுத்தவேண்டும். எல்லோரும் துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் இலக்குத் தாள்களைப் பார்க்கப் போகலாம். ஒருவர் சொல்ல மற்றவர்கள் அதன்படி நடப்பதை நான் என் கந்தோரில்கூடக் கண்டதில்லை.

அங்கே கொஞ்சத் தூரத்தில் சின்ன உருக்குத் தட்டுகள் தொங்கும். ரவை பட்டால் டிங் என்று ஒலிக்கும். படிப்பும் பதவியும் எல்லாம் இருந்து, பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக் கடன் கட்டி முடித்த ஒருவன், ஒரு தட்டு டிங் என்பதற்காக ஒரு மணித்தியாலம் வண்டி ஓட்டுகிறான். நண்பருக்கு அது பத்துக்கு ஒன்பது தரம் ஒலிக்கும். எனக்கு ஒலித்தால் அவர் காதுமூடியைக் கழற்றிவிட்டு, “ஆற்றையோ சத்தம் கேட்டது?” என்று கேட்பார்.

மலிவான ரவையில் ஒரு குறை உண்டு. சிலவேளை விளிம்பின் ஒரு பக்கத்தில் மருந்து சரியாகப் பரவியிருக்காது. ரவையைத் தட்டும் ஊசி அடிக்கும், வெடிக்காது. அப்போது உடனே திறக்கக்கூடாது. தாமதித்து வெடிக்கலாம் என்பதால், குழலை இலக்குப் பக்கம் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்கவேண்டும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அவர் மரியாயின் செபம் சொல்லுவார். அவசரமில்லாமல் இரண்டு தரம் சொன்னால் போதுமாம். வெள்ளைக்காரர்கள் பக்கத்து மேசையிலிருந்து இதை மரியாதையாகப் பார்ப்பார்கள். துவக்குக்காகச் செபிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

திரும்பி வந்தபின் துப்பாக்கிகளைத் துடைப்பது அவர் வேலை. இரண்டையும் அவர்தான் கழற்றுவார், எண்ணெய் பூசுவார், பூட்டுவார். எனக்குச் சட்டம் தெரியும், அவருக்குத் திருகாணி தெரியும். அவருடைய மனைவி மீன் றோல்ஸ் சுற்றித் தந்துவிடுவார். திரும்பி வந்ததும், “இண்டைக்கு ஆருக்குப் புள்ளி கூட?” என்று கேட்பார். நான் வென்றேன் என்று ஒருநாளும் அவர் நம்பியதில்லை.

போன மார்கழியில் நண்பரின் மனைவி இறந்துபோனார். காலையில் குசினியில் விழுந்தவர், பிறகு கண் திறக்கவில்லை.

செத்தவீடு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த காரியம். யாரும் சொல்லாமலே சாப்பாடு வந்தது, பனி வழிக்கப்பட்டது, மண்டபம் பதிவானது, அவர்களின் மகள் கல்கரியிலிருந்து வந்து இறங்கியபோது விமானநிலையத்தில் நான்கு கார்கள் நின்றன. முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை அந்த வீட்டில் கதவு சாத்தியதை நான் காணவில்லை. அதற்குப் பிறகு திறந்ததையும் காணவில்லை. மகள் வேலைக்குத் திரும்பிப் போனாள். அவரவர் தங்கள் பாத்திரங்களைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் துக்கத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது, அதற்கு ஒரு கடைசி நாளும் இருக்கிறது. துக்கப்படுகிறவருக்கு மட்டும் அதை அறிவிப்பதில்லை.

புதன்கிழமைகளில் நண்பரைக் கூப்பிட்டேன். சில கிழமை வரவில்லை. பிறகு வந்தார். சுட்டார், ஆனால் தாளைப் பார்க்கப் போகவில்லை. நான் கடையில் வாங்கிக்கொண்டு போன றோல்சைக் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்பவும் பையில் வைத்தார். ஒருநாள் தன் பனிக்கால ரயர்கள் நான்கையும் என் கராஜில் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய காருக்கும் என்னுடையதற்கும் ஒரே அளவு.

“நீர் பனிக்கு என்ன செய்வீர்?”

“இனிப் பனிக்கை எங்கை போறது, ஐசே?”

பிறகு துளைகருவி வந்தது. பிறகு ஏணி. ஏணி வந்த அன்று என் மனைவி கராஜ் கதவில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மனிசன் வீட்டைக் காலி பண்ணுறார்,” என்றார். “உங்களுக்கு விளங்கேல்லையோ?”

விளங்கியது. ரெக்ஸ்டேல் மண்டபத்தில் அதற்கும் ஒரு பாடம் எடுத்திருந்தார்கள். பொருள்களைக் கொடுத்துத் தீர்க்கிற, தனியே இருக்கிற, மனைவியை இழந்த மனிதன் ஒருவனின் நிலவறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் என்னுடையதைப் போலவே ஒரு றைபிள் இருந்தது. அதை அவர் வைத்திருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவன் நான்.

அந்தக் கிழமை மகள் கல்கரியிலிருந்து அழைத்தாள்.

“அங்கிள், அப்பா ஓக்கேயோ? போனிலை எல்லாத்துக்கும் ஓம் எண்டு மட்டும் சொல்லுறார்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த கன் இன்னும் அங்கதான் இருக்கா? ஐ டோன்ற் நோ ஹவ் ரு ஆஸ்க் ஹிம், அங்கிள். எனக்குத் தமிழிலை அதைக் கேக்கத் தெரியேல்லை.”

எங்களுக்கும் தெரியாது, பிள்ளை, என்று சொல்ல நினைத்தேன். சாப்பிட்டீரோ, நித்திரை வருதோ, பிரஷர் எப்படி என்று சுற்றிச் சுற்றி வருவோம். ஓம், ஓம், பரவாயில்லை என்று பதில் வந்தால், ஆள் தப்பிவிடுவார் என்று முடிவு கட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அவரிடம் அந்த மூன்றையும்தான் கேட்டிருந்தார்கள். நானும்தான்.

செய்யக்கூடியவை எனக்குத் தெரியும். ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது, அழைத்துச் சொன்னால் அதிகாரிகள் விசாரிப்பார்கள், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவர் வீட்டு வாசலில் பொலிஸ் கார் நிற்கும் காட்சியை யோசித்துப் பார்த்தேன். அவர் எந்தக் காட்சிக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தார் என்பதையும் யோசித்தேன். அந்த இலக்கத்தைத் தேவைப்பட்டால் அழைப்பது என்றும், முதலில் நானே போவது என்றும் முடிவு செய்தேன். லைசென்ஸ் உள்ள ஒருவர் இந்த வகை றைபிளை லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு இரவல் கொடுக்கலாம். அதற்குத் தாள் எதுவும் தேவையில்லை. சட்டத்தில் இப்படி ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தபோது, கவுண்டருக்குப் பின்னால் இருந்த காலத்துச் சந்தோசம் எனக்கு ஒரு நிமிடம் வந்தது.

“இரவல் கேக்கப் போறன்,” என்று மனைவியிடம் சொன்னேன். “என்ரை பழுது எண்டு சொல்லப்போறன்.”

“நேர கேளுங்கோவன்.”

“நேர கேட்டால் மனம் நொந்துபோவார்.”

“நோகட்டும்.”

நான் என் வழியில் போனேன்.

அவர் வீட்டில் மனைவியின் படத்துக்கு முன்னால் மின்விளக்கு எரிந்தது. பிளேன்ரீ போட்டுத் தந்தார். அதில் சீனி இல்லை, மறந்துவிட்டார். நான் குடித்தேன்.

“என்ர துவக்கு கொஞ்சம் பிழை, ஐசே. ஊசி சரியா அடிக்குதில்லை. திருத்தக் குடுத்திட்டன். உம்மடையை ஒரு ரண்டு மாசத்துக்கு இரவல் தாருமன்.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“ஆரிட்டைக் குடுத்தனீர்?”

“மார்க்கம் பக்கத்திலை ஒரு கடை.”

“போன புதன் உம்மட ஊசியைக் கழட்டித் துடைச்சது ஆர்?”

“நீர்தான்.”

“அது நல்லாத்தானே கிடந்தது?”

“பேந்து பழுதாப் போச்சு.”

“பூட்டின பெட்டிக்குள்ளை படுத்துக் கிடந்து பழுதாப் போச்சு.”

நான் வெறும் தேநீரை இன்னொரு மிடறு குடித்தேன்.

“உந்த வயதிலை பொய் சொல்லப் பழகாதையும், ஐசே. உமக்கு வராது.” குரல் உயரவில்லை, ஆனால் கழுத்து நரம்பு தெரிந்தது. “மகள் போன் எடுத்தவளோ?”

“ஓம்.”

“துவக்கைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னவளோ?”

“கேக்கச் சொன்னவள்.”

“என்னத்தைக் கேக்கச் சொன்னவள்? கேளும். பாரவூர்தி ஓடினவன், விளங்காதெண்டு கேக்காமல் கொண்டுபோகப் பாத்தனீரோ? கேளும் பாப்பம்.”

ஊசி அடித்தும் வெடிக்காத ரவையை வைத்துக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. ஒரு மனிதனிடம் இதைக் கேட்பதற்கு எந்தச் சொல்லும் பொருத்தமாக வரவில்லை. கடைசியில் மகளுக்குத் தமிழில் தெரியாமல் போன அந்தக் கேள்வியை, இருக்கிற சொற்களில் கேட்டேன்.

“சாகவேணுமெண்டு யோசிக்கிறீரோ?”

எழுந்து வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அணைந்திருந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் என்னட்டை உதைக் கேக்கேல்லை,” என்றார்.

“பங்குச் சுவாமியும் கேக்கேல்லையோ?”

“சுவாமி, பூசைக்கு ஒழுங்கா வாரும் எண்டவர்.”

“நான் இப்ப கேக்கிறன்.”

“யோசிச்சனான்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “சாகவேணுமெண்டில்லை. விடியக்கூடாதெண்டு. விடிஞ்சால் ஒரு கோப்பை மட்டும் எடுக்கவேணும், ஐசே. ரண்டு கோப்பை எடுத்துப் பழகின கை. ஒருநாள் கீழை போய் அந்தப் பெட்டிக்கு முன்னாலை கதிரை போட்டு இருந்தனான். திறக்கேல்லை. சும்மா இருந்தனான். கனநேரம். பேந்து மேலை வந்து குசினியைக் கூட்டினனான்.”

“திறப்பு எங்கை?”

“எங்கை கிடக்கும்? பொக்கற்றுக்கைதான்.”

கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். இந்த இடத்தில் நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். கை மட்டும் நீட்டியபடி இருந்தது, அதுவும் உளைந்தது. அவர் காற்சட்டைப் பையிலிருந்து பெட்டிச் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

இருவரும் கீழே போனோம். நான் றைபிளை எடுத்து, வாயைச் சுவர்ப்பக்கம் பிடித்து, திறந்து, உள்ளே ரவை இல்லை என்று பார்த்தேன். பிறகு இன்னொரு தரம் பார்த்தேன்.

“நான் பாத்துத்தான் வைச்சனான்.”

“நானும் பாக்கவேணும். அதுதான் முறை.”

“உம்மட முறை!”

“ரவைப் பெட்டியளையும் தாரும்.”

“அதுவும் வேணுமோ? வீட்டு உறுதிப் பத்திரத்தையும் எடுத்துத் தரட்டோ?”

“உறுதியைப் பிள்ளையிட்டைக் குடும். ரவையைத் தாரும்.”

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ரவைப் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு கார்வரைக்கும் வந்தார். குளிரில் வெறும் செருப்போடு நின்றார். உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. நான் வீதி முடக்கில் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி என் கையில் இருந்த நீளப் பையைப் பார்த்தார்.

“நான் ஒண்டுக்குத்தான் சைன் வைச்சனான்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் கேட்காமல் அலுமாரியில் இடம் ஒதுக்கப் போனார்.

மகளுக்கு அழைத்துச் சொன்னேன். அவள் அழுதாள். அவரைத் தமிழ் தெரிந்த வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மருந்து கொடுத்தார், ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பினார். முதலாவது நாள் அங்கிருந்து வெளியே வந்து, “ஒரு மணித்தியாலம் நான்தான் கதைச்சனான். அந்தப் பெட்டைக்குச் சம்பளம்!” என்றார். அடுத்த கிழமையும் போனார்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததாகத் தோன்றும். எந்த விண்ணப்பமும் ஒருநாள் முடிவுக்கு வரும், ஒரு முத்திரை விழும், கோப்பு மூடப்படும் என்று நம்பியே வேலை செய்தவன் நான். இது மூடவில்லை. ஒவ்வொரு காலையும் அவருக்கு அழைத்தேன். “உயிரோடைதான் கிடக்கிறன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சில நாள் அழைக்க அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புக்குப் பயந்து உடனே அழைப்பேன். புதன்கிழமைகளில் இரண்டு றைபிளையும் நானே பூட்டி, நானே சுமந்து, நானே டிக்கியில் ஏற்றினேன். என் இடுப்புக்கு அது நல்லதில்லை. சுடுவது கேளிக்கைக்காக என்று தொடங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு விதியும் வைத்தேன். நெடுஞ்சாலையில் ஏறியதும் அந்தக் கேள்வியைக் கேட்பேன். அதே சொற்களில். இல்லை என்றால் போவோம். ஓம் என்றால் திரும்புவோம்.

“உது எந்தச் சட்டத்திலை கிடக்கு?”

“என்ரை சட்டம்.”

“கந்தோர்ப் புத்தி போகாது,” என்பார். பிறகு, “இல்லை, இல்லை, ஓடும்,” என்பார். சிலவேளை ஒன்றுமே சொல்லமாட்டார், நான் திரும்பக் கேட்கும்வரை. ஒருமுறை, துவக்கை எப்போது திருப்பித் தருவேன் என்று கேட்டார்.

“நீர் இல்லை எண்டு சொல்லேக்கை நான் நம்பத் தொடங்கினாப் பிறகு.”

“அது எப்ப?”

“எனக்குத் தெரியாது, ஐசே.”

அவர் அதற்குக் கோபப்படவில்லை. அன்று சுட்டுவிட்டுத் தாளைப் பார்க்கப் போனார். எனக்கு அது ஒரு முன்னேற்றமாகப் பட்டது. மனைவியிடம் சொன்னேன். அவர், “பாப்பம்,” என்றார்.

வைகாசியில் ஒரு புதன். வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை, மலிவு ரவைக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. நெடுஞ்சாலையில் ஏறினோம். கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போன பாரவூர்தி வழி மாறி, திரும்பவும் தன் வழிக்கு வந்தது.

“இண்டைக்கு ஓம்,” என்றார்.

அந்த விதியை வைத்தவன் நான். ஆனாலும் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று ஒரு கணம் நினைத்தேன்.

“இண்டைக்கு அவவின்ரை பிறந்தநாள். விடியத் தொடக்கம் கிடக்கு.”

நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் அடுத்த வழியில் இறங்கி, ஒரு கோப்பிக்கடை வாகனத் தரிப்பில் காரை நிறுத்தினேன்.

“பின்னாலை ரண்டு துவக்கு கிடக்கு,” என்றார். “சும்மா கொண்டு வந்து சும்மா கொண்டு போறீர்.”

“டிக்கி பூட்டித்தான் கிடக்கு. திறப்பு என்னட்டை. பேசாமல் இரும்.”

வைத்தியரின் இலக்கத்தை அழைத்தேன். முன்மேசையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை எடுத்தாள். எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் தொடங்கினேன். உங்களிடம் ஏற்கனவே பதிவுசெய்யப்பட்டுள்ள ஒருவரின் சார்பில் பேசுகிறேன், அவரது சம்மதத்துடன், முன்னைய சந்திப்பின் தொடர்ச்சியாக...

“அங்கிள், அங்கிள். என்ன விசயமெண்டு சொன்னால்தானே நான் ரைம் பாக்கேலும்?”

விசயத்தைச் சொல்ல வாய் திறந்தேன். அவரிடம் அத்தனை புதன்கிழமைகள் கேட்ட அந்தச் சொல், மூன்றாவது ஆளிடம் வரவில்லை. நண்பர் என் கையிலிருந்து போனை எடுத்தார்.

“பிள்ளை, நான்தான் கதைக்கிறன். எனக்கு உயிரோடை இருக்க மனமில்லாமல் வருது. இண்டைக்கு டொக்டரைப் பாக்கேலுமோ?”

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையாட்டினார். “ஓம், ஆள் பக்கத்திலை இருக்கிறார். அவர்தான் ஓடுறார்,” என்றார். பிறகு போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

“நேர வரட்டாம்.”

காரை எடுத்தேன். தரிப்பிடத்தின் வாசலில் அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலை இந்த நேரம் இறுகியிருக்கும் என்றும், உள்வீதியால் போனால் சுகம் என்றும், முதலாவது விளக்கில் இடப்பக்கம் எடுக்கவேண்டும் என்றும் எனக்கு வழி சொல்லத் தொடங்கினார்.